ஒரு ஷீட், ஒன்பது பேர்: எட்மன்டன் ஆயிலர்ஸ் ரூக்கி கார்டுகள் சேர்த்த கதை

ஹாக்கி கார்டு ஆல்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு ஒன்பது பைகள் இருக்கும். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியில் ஆடியவர்களில் எக்காலத்துக்கும் சிறந்தவர்கள் யாரோ, அவர்களுடைய ரூக்கி கார்டுகளை மட்டும் அந்த ஒரே ஷீட்டில் அடக்க வேண்டும் என்பதுதான் திட்டம். செலவு அதிகம்தான். ஆனால் செலவைவிட ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் இழுத்தடித்தது. கனடாவில் ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி மட்டும்தான். எட்மன்டனில் அது ஊர்ப்பெருமை. யாரை விட்டாலும் ஒருவர் கோபித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டது என் மகன்.

முதலில் ரூக்கி கார்டு என்பது எது என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். நாடு முழுக்கக் கடைகளில் விற்ற பெரிய செட் ஒன்றில் ஒரு வீரருக்கு முதன்முதலாக வந்த கார்டுதான் ரூக்கி கார்டு. அவர் ஆடிய முதல் வருடத்திலேயே அது வந்திருக்க வேண்டும் என்பதில்லை. கெவின் லோவை எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீகான என்ஹெச்எல்லுக்குள் ஆயிலர்ஸ் நுழைந்தது 1979இல். அங்கே அணியின் முதல் கோலை அடித்தவரே அவர்தான். ஆனால் அவருடைய ரூக்கி கார்டு 1981-82 செட்டில்தான் வருகிறது. மார்க் மெஸியேவுக்கும் ஒரு வருடத் தாமதம்.

வெய்ன் கிரெட்ஸ்கி கதை இதற்குத் தலைகீழ். முந்தைய பருவத்தில் டபிள்யூஹெச்ஏ என்ற போட்டி லீகில் ஆடிவிட்டார் என்பதால் 1979-80இல் அவரைப் புதுமுகமாகவே என்ஹெச்எல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை ரே போர்க்குக்குப் போனது. லீக் ரூக்கி இல்லை என்று சொன்ன அதே வருடத்தில் வந்த கார்டுதான் இன்று உலகத்திலேயே விலை உயர்ந்த ஹாக்கி ரூக்கி கார்டுகளில் ஒன்று. டபிள்யூஹெச்ஏ வீரர்களுக்குத் தனியாகச் செட் அடித்துவந்த ஓ-பீ-சீ கம்பெனி, 1977-78 பருவத்தோடு அதை நிறுத்திவிட்டது. அதனால்தான் கிரெட்ஸ்கிக்கு அதற்கு முந்தைய கார்டு அமையவில்லை.

சில விதிகளை முதலிலேயே எழுதி ஆல்பத்தின் உள்ளட்டையில் ஒட்டினேன். கார்டில் இருக்கும் படம் ஆயிலர்ஸ் சட்டையில் இருக்க வேண்டும். பாக்கெட்டில் வந்த முழு செட் கார்டாக இருக்க வேண்டும். அணியே அடித்துக் கொடுத்த போஸ்ட்கார்டும், ரெட் ரூஸ்டர் கடைகளில் குழந்தைகளுக்குக் கொடுத்த கார்டும் கணக்கில் வராது. கடைசியாக, எந்தக் கார்டும் தரமதிப்பீட்டுக் கம்பெனியின் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டு இருக்கக் கூடாது. பெட்டி ஷீட்டுக்குள் நுழையாது. தவிர, கார்டை விட்டுவிட்டு மேலே இருக்கும் மார்க்கைப் பார்ப்பது எனக்கு ஒத்துவராது.

சரி, ஆட்கள். ஆயிலர்ஸ் ஆடும் ரோஜர்ஸ் பிளேஸ் அரங்கின் கூரையில் ஓய்வு கொடுக்கப்பட்ட சட்டை எண்கள் தொங்குகின்றன. எட்டு வீரர்கள்: அல் ஹாமில்டன் 3, லோ 4, பால் காஃபி 7, க்ளென் ஆண்டர்சன் 9, மெஸியே 11, யாரி குர்ரி 17, கிராண்ட் ஃபியூர் 31, கிரெட்ஸ்கி 99. இந்தப் பட்டியலில் ஆரம்பித்தால் வேலை பாதி முடிந்தது என்று தோன்றும். ஹாமில்டன் டபிள்யூஹெச்ஏ காலத்து ஆயிலர்ஸின் தூண். ஆனால் அதற்கு முன்பே என்ஹெச்எல்லில் பஃபலோவுக்கு ஆடியவர் என்பதால், சட்டை விதியில் அடிபட்டுப் போகிறார். மிச்சம் ஏழு. கானர் மெக்டேவிட்டைச் சேர்த்தால் எட்டு. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. 2022-23இல், கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து, 153 புள்ளி எடுத்தவர். 2024 இறுதிச்சுற்றில் அணி தோற்றும், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பை அவருக்கே வந்தது.

ஒன்பதாவது பைக்குத்தான் அடிதடி. நான் லியோன் டிரைசைட்டல் என்றேன். மகன் ரயன் ஸ்மித் என்றான். போதாததற்கு கோல் காப்பாளர் ஆண்டி மோக்கும் நடுவில் வந்தார்.

தரவரிசை போட்டுப் பார்த்தோம். கோல், கோப்பை, விருது என்று கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை. அதை விட்டுவிட்டு ஷீட்டையே பார்த்தபோதுதான் வழி கிடைத்தது. ஹாக்கியில் முன்கள ஆட்டக்காரர்கள் மூன்று மூன்று பேராக இறங்குவார்கள்: இடது விங், சென்டர், வலது விங். தடுப்பாட்டக்காரர்கள் ஜோடி ஜோடியாக. கோல் காக்கும் கோலி ஒருவர். ஒன்பது பைகளில் மேலே இரண்டு முன்கள வரிசை, கீழே நடுவில் கோலி, அவருக்கு இரண்டு பக்கமும் தடுப்பாட்டக்காரர்கள். பட்டியல் என்பது போய் ஆடக்கூடிய அணியாகவே ஆகிவிட்டது.

இப்படிப் பார்த்தால் கேள்விகள் தானாகக் கரைகின்றன. கோலிக்கு ஒரே இடம். ஃபியூரா மோக்கா? ஃபியூர், 1981இல், புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வின் முதல் சுற்றில் 8ஆவதாக எடுக்கப்பட்டவர்; 1987-88 பருவத்தில் 75 ஆட்டங்களில் கோலைக் காத்து, சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை வாங்கினார். லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற முதல் கறுப்பின வீரரும் அவரே. மோக், 1981 பிளேஆஃபில் மான்ட்ரியால் கனடியன்ஸ் அணியை நேர் மூன்று ஆட்டங்களில் வீட்டுக்கு அனுப்பிய புதுமுகம். அந்தத் தொடர் இல்லாமல் பிற்பாடு வந்த ஆயிலர்ஸ் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். இருந்தும் ஒரு நாற்காலிதான். ஃபியூர் உட்கார்ந்தார்.

தடுப்பில் காஃபியும் லோவும். காஃபி பந்தயக் குதிரை. 1985-86இல் 48 கோல் அடித்தார், தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஒரே பருவத்தில் அடித்ததில் இன்றுவரை அதுதான் அதிகம். அப்படி ஒருவர் முன்னே ஓடினால் பின்னால் நிற்க ஆள் வேண்டும். லோ நின்றார். கோல் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் அவரை விட்டுவிடுவார்கள். எட்மன்டனின் ஐந்து கோப்பையிலும் அவர் இருந்தார் என்பதைப் பார்த்தால் விட மனம் வராது.

முதல் வரிசையில் இடது விங் மெஸியே, சென்டர் கிரெட்ஸ்கி, வலது விங் குர்ரி. மெஸியே பின்னால் சென்டராகத்தான் பெயர் வாங்கினார், ஆனால் வளர்ந்தது விங்கில். இரண்டாவது வரிசையில் நடுவில் மெக்டேவிட், வலதில் ஆண்டர்சன். மிச்சம் இருப்பது இடது விங். அங்கேதான் மகன் மடக்கினான்.

“அப்பா, டிரைசைட்டல் சென்டர். ஸ்மித் இடது விங். உங்க விதிப்படியே பாருங்க.”

“டிரைசைட்டல் மெக்டேவிட் பக்கத்துல விங்கும் ஆடுவார்டா.”

“ஆடுவார். ஆனா அது அவரோட இடம் இல்லையே.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்மித் மேல் இந்த ஊருக்கு இருக்கிற பாசம் வேறு ரகம். 1994இல் 6ஆவதாக எடுக்கப்பட்டவர். கோல் வாசலில் நின்று அடி வாங்கி அடி வாங்கி ‘பக்’ என்ற ரப்பர் வட்டை உள்ளே தள்ளுவார். 2006இல் அணி இறுதிச்சுற்றின் 7ஆவது ஆட்டம்வரை போனபோது அதன் முகமே அவர்தான். 2007இல் அவரை நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு மாற்றிக்கொடுத்தபோது விமான நிலையத்தில் அழுதார், ஊரும் அழுதது. தவிர, அவரை விட்டால் ஷீட் 1982-83இலிருந்து நேராக 2014-15க்குத் தாவுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆளே இல்லாத மாதிரி.

ஸ்மித் கார்டைத் தேட உட்கார்ந்தபோது வேறு சிக்கல். தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனிக்கு நாலு செட் என்று அடித்துத் தள்ளினார்கள். அந்தக் காலத்து வீரர் ஒருவருக்கு ‘இதுதான் ரூக்கி கார்டு’ என்று ஒற்றைக் கார்டை எடுத்து நீட்ட முடியாது. எதை வைத்தாலும் இன்னொன்றை ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி வரும். டிரைசைட்டலுக்கோ அந்தக் குழப்பம் குறைவு: 2014-15 அப்பர் டெக் கம்பெனியின் ‘யங் கன்ஸ்’ என்ற புதுமுக வரிசை, எண் 223. ஆட்டத்திலும் அவர் கை ஓங்கித்தான் இருக்கிறது. 2020இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட், அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் இரண்டு கோப்பையும் வாங்கியவர். 50 கோலைத் தொட்ட பருவங்கள் நான்குக்குக் குறையாது. பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டு டிரைசைட்டலை வைத்தேன். மகன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது போகட்டும்.

அப்புறம் வாங்கும் படலம். ஓ-பீ-சீ 1981-82 செட் ஆயிலர்ஸ் பிரியர்களுக்குப் புதையல். குர்ரி 107, ஆண்டர்சன் 108, காஃபி 111, லோ 117 என்று எனக்கு வேண்டிய நான்கு பேரும் ஒரே செட்டில், பக்கத்துப் பக்கத்து எண்களில். மோக்கும் அதிலேயே 120. தனித்தனியாகத் தேடுவதைவிட அந்த வருடத்து ஆயிலர்ஸ் கார்டுகளை மொத்தமாக விற்கிறவரைப் பிடிப்பதே லாபம். கார்டு கண்காட்சி ஒன்றில் அப்படி ஒரு கட்டு கிடைத்தது. ரப்பர் பேண்ட் போடாமல் வைத்திருந்தார் என்பதற்காகவே பேரம் பேசாமல் வாங்கினேன். ரப்பர் பேண்ட் பட்ட கார்டின் பக்க ஓரத்தில் ஒரு பள்ளம் விழும். அது எதற்கும் சரியாகாது.

ஓ-பீ-சீ, ஒன்டாரியோவின் லண்டன் நகரத்து மிட்டாய், சூயிங்கம் கம்பெனி. அவர்களுடைய பழைய கார்டுகளின் ஓரம் பெரும்பாலும் பிசிறு பிசிறாகத்தான் இருக்கும். வெட்டும் முறையே அப்படி. அதைப் பார்த்து அழுக்கு, சேதம் என்று நினைக்க வேண்டாம்; அந்தக் காலத்துக் கார்டுகளில் ஓரம் சவரம் செய்த மாதிரி வழவழப்பாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பின்பக்கம் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கும். படம் நடுவில் இருக்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருப்பதும் சகஜம்.

வந்த குர்ரி கார்டில் முகத்துக்கு மேலே மங்கலாக ஒரு திட்டு. நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி மினுக்கம் செத்துப்போயிருந்தது. பழைய பாக்கெட் உறை மெழுகுத் தாள். அதைச் சூடு காட்டி ஒட்டும்போது உருகிய மெழுகு கார்டில் படிந்துவிடும். இதற்குக் கார்டுக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம் நைலான் ஸ்டாக்கிங். துவைத்துக் காயவைத்த பழைய ஸ்டாக்கிங் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு, கார்டைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து, ஒரே திசையில் லேசாகத் தேய்த்தேன். தண்ணீர், ரசாயனம் எதுவும் கூடாது. முன்பக்கம் லேசான பளபளப்புப் பூச்சு இருப்பதால் மெழுகு மேலோடு நிற்கும். நைலான் அதை இழுத்துக்கொள்ளும். திட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் சாய்த்துப் பார்த்தாலும் தெரியவில்லை. மூலை பக்கம் போகவே கூடாது, அட்டை பிரிந்துவிடும். பின்பக்கத்தில் இதை முயல வேண்டாம். அங்கே பூச்சு இல்லை, மெழுகு அட்டைக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

மெஸியே, 1980-81 ஓ-பீ-சீ, எண் 289. அந்த வருடம் ஓ-பீ-சீ செட்டில் 396 கார்டு, அமெரிக்காவின் டாப்ஸ் செட்டில் 264 மட்டுமே. மெஸியேவுக்கு டாப்ஸ் கார்டே கிடையாது. ஆகவே கனடாக் கார்டைத் தவிர வேறு வழியில்லை. (அந்த வருட டாப்ஸ் கார்டுகளில் ஆட்டக்காரர் பெயரைக் கறுப்பு மையால் மூடி, நாணயத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். சுரண்டாத கார்டு கிடைத்தால் அதிசயம்.) ஃபியூர் 1982-83, எண் 105. அந்த வருடமும் அடுத்த வருடமும் டாப்ஸ் ஹாக்கி செட்டே போடவில்லை. இரண்டையும் உள்ளூரிலேயே பிடித்தேன். சொல்ல அதிகம் இல்லை.

கிரெட்ஸ்கிக்குத்தான் நிறைய சொல்ல வேண்டும். 1979-80, எண் 18. ஓ-பீ-சீயிலும் டாப்ஸிலும் அதே எண், அதே படம், அதே நீல ஓரம். ஓ-பீ-சீ கார்டில் பிஎஸ்ஏ என்ற தரமதிப்பீட்டுக் கம்பெனியின் 10 மார்க் வாங்கிய ஒன்று 2021இல் 37.5 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. அது வேறு உலகம். நம் உலகத்தில் மூலை மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்த பிரதிக்கே கணிசமாகக் கேட்கிறார்கள். டாப்ஸ் அதைவிட மலிவு. ‘முழு செட் கார்டு’ என்றுதானே விதி, ஓ-பீ-சீ என்று இல்லையே. டாப்ஸே போதும் என்று முடிவெடுத்தேன். சுத்தமான மறுபதிப்பைவிட மூலை தேய்ந்த அசல் எனக்கு மேல்.

போலிகள் அதிகம் சுற்றும் கார்டும் இதுதான். வாங்குவதற்கு முன்பே அதே 1979-80 டாப்ஸ் செட்டிலிருந்து யாருக்கும் வேண்டாத ஒரு சாதாரண ஆட்டக்காரர் கார்டைச் சில்லறைக் காசுக்கு வாங்கி வைத்துக்கொண்டேன். பார்க்கிற ஒவ்வொரு கிரெட்ஸ்கியையும் இதோடு ஒப்பிடுவேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அளவு பொருந்த வேண்டும். ஓரத்தைக் கூராக்கிக் காட்ட யாராவது சீவியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பின்பக்க அட்டையின் சாம்பல் நிறம், தடிமன், விரலால் சுண்டினால் வரும் விறைப்பு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். அசல் அச்சில் படம் நிறப் புள்ளிகளாக, சின்னச் சின்னப் பூக்களைப் போல அடுக்கியிருக்கும். ஆனால் கறுப்பு எழுத்து புள்ளி இல்லாத ஒரே மையாக நிற்கும். அசலை ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடையும்.

நீல ஓரம் இந்தக் கார்டின் சாபம். கொஞ்சம் உரசினாலும் வெள்ளை எட்டிப் பார்க்கும். அதை மறைக்க நீலப் பேனாவால் தொட்டுவைப்பவர்கள் உண்டு. முகப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கார்டைப் பக்கவாட்டில் திருப்பி, அட்டையின் தடிமனை லென்ஸில் பார்க்க வேண்டும். அச்சு மை மேல்பரப்போடு நிற்கும். பேனா மை அட்டையின் விளிம்புக்குள் நீலமாக ஊறி இறங்கியிருக்கும். எனக்குக் காட்டிய ஒரு கார்டின் மேல் இடது மூலையில் அப்படி இறங்கியிருந்தது. விற்கிறவரிடம் லென்ஸை நீட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கார்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். கடைசியில் வாங்கியது, நாலு மூலையும் வெளுத்து, பின்பக்கம் லேசாக மடிப்புக் கோடு தெரியும் ஒன்று. வெளுத்தது வெளுத்தபடி இருந்ததால் நம்பி வாங்கினேன்.

யங் கன்ஸ் இரண்டையும் வாங்குவது வேறு மாதிரி வேலை. மெக்டேவிட் 2015-16, எண் 201. நான்கு பாக்கெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் யங் கன்ஸ் வரும், அதிலும் இவர் வர வேண்டும். பெட்டி பெட்டியாகப் பிரிப்பது சூதாட்டம். தனிக் கார்டாகவே வாங்கிவிடுவது நல்லது. பழசில் மடிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். புதுசில் கூடாது, ஏனென்றால் நல்ல பிரதி தேடினால் கிடைக்கும். மூலைகளையும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும் மெல்லிய கீறல்களையும் பார்த்து வாங்கினேன்.

அடுக்கியது கடைசி வேலை. ஷீட் பிவிசி கலக்காததாக இருக்க வேண்டும். பிவிசி நாளடைவில் பிசுபிசுத்து கார்டில் ஒட்டும். ஒவ்வொரு கார்டையும் மெல்லிய உறையில் போட்டு, உறையோடு பைக்குள் இறக்கினேன். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் எடுக்கும்போது மூலை அடிபடாது. ஆல்பம் டி வளையம் வைத்தது. வட்ட வளையத்தில் ஷீட்டின் உள்பக்கம் மேடேறி, வளையத்தை ஒட்டிய கார்டுகளில் வளைவு விழும். எட்மன்டன் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று உலர்ந்துபோவதால் புதுக் கார்டுகள் வில்லாக வளையப் பார்க்கும். ஆல்பத்தை இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே நெருக்கி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் நிறுத்தியிருக்கிறேன்.

மோக் கார்டு இன்னும் மேஜையிலேயே கிடந்தது. “கையிலயே இருக்கேப்பா, அடுத்த ஷீட்டுல வைக்கலாமே” என்றான் மகன். அடுத்த ஷீட் என்று ஒன்று இருப்பதாக நான் சொல்லவே இல்லை. ஆனால் அவன் விடவில்லை. சட்டை விதியைத் தளர்த்தினால் பில் ரான்ஃபோர்ட் வரலாம் என்றான். ரான்ஃபோர்டின் ரூக்கி கார்டு 1987-88, பாஸ்டன் சட்டையில். 1988இல் மோக்கை பாஸ்டனுக்குக் கொடுத்துத்தான் ஆயிலர்ஸ் அவரை வாங்கினார்கள். இரண்டே வருடத்தில், 1990 இறுதிச்சுற்றில், மோக் பாஸ்டன் கோலில், ரான்ஃபோர்ட் எட்மன்டன் கோலில். எட்மன்டன் ஜெயித்தது, ரான்ஃபோர்ட் கான் ஸ்மைத் வாங்கினார். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துப் பையில் வைக்கலாம் என்று அவன் சொன்னபோது மறுக்க முடியவில்லை. ரான்ஃபோர்ட் கார்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், பெரிய விலை இல்லை. ஸ்மித்துக்கு இடது விங் பை காலியாக இருக்கிறது. தொண்ணூறுகளின் கார்டுகளில் எது என்பதை மட்டும் அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.